பின்லாந்தின் ஓட்டைப் பாண்: ஒரு போறணைக்காரர் மகனின் மதிப்பீடு

முதல் கடியிலேயே பிடித்துப்போகிற சாமான் இல்லை இது. அதை முதலே சொல்லிவிடுகிறேன். பின்லாந்துக்கு வந்த புதிதில் வாங்கிவிட்டு, "இதையா இந்தச் சனம் காலையும் மாலையும் தின்னுது?" என்று கேட்டவர்கள் எங்கள் ஆட்களில் நிறையப் பேர். ஆனாலும் இன்றைக்கு எங்கள் வீட்டில் வெள்ளைப் பாண் தீர்ந்தால் யாரும் கவனிப்பதில்லை, இது தீர்ந்தால் யாராவது ஒருவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு கடைக்கு இறங்கிவிடுவார்.

பொருளின் பெயர் ரெய்க்காலெய்ப்பா. ரெய்க்கா என்றால் ஓட்டை, லெய்ப்பா என்றால் பாண். வீட்டில் நாங்கள் ஓட்டைப் பாண் என்றே சொல்கிறோம். முழுக்க முழுக்க ரை என்ற தானியத்தின் மாவில் செய்தது, சாப்பாட்டுத் தட்டளவு அகலம், விரலளவு தடிப்பு, நடுவிலே வட்டமாக ஒரு துளை. எந்தச் சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். பெரும்பாலும் இரண்டு, மூன்று யூரோவுக்குள் வாங்கலாம். சந்தை மண்டபங்களில் சின்ன பேக்கரிக்காரர் கொண்டுவருவது கொஞ்சம் கூட. இங்கே நான் எந்தக் கடையையும் நிறுவனத்தையும் மதிப்பிடப் போவதில்லை, இந்த வகைப் பாணைத்தான்.

என் தகுதி என்னவென்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்தில் என் அப்பா விறகுப் போறணை வைத்துப் பாண் போட்டவர். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மா குழைக்கும் தொட்டிக்குப் பக்கத்தில்தான் எனக்கு வேலை. இப்போது செய்வது வேறு தொழில், ஆனால் ஒரு பாணைக் கையில் எடுத்தால் முதலில் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பித் தட்டிப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

ஓட்டைப் பாணைத் தட்டினால் சத்தமே வராது. எங்கள் பாண் வெந்திருந்தால் உள்ளே வெறுமையாக 'டொக்' என்று கேட்கும், இது ஈரமண் மாதிரிப் பேசாமல் இருக்கும். மேற்பரப்பில் முள்ளால் குத்தினதுபோல வரிசை வரிசையாகப் புள்ளிகள். வேகும்போது மேல்தோல் உப்பிக் கழன்றுவிடாமல் இருக்கச் செய்வது அது. மேலே மெல்லியதாகத் தூவின மா விரலில் ஒட்டும். நாலாகப் பிய்த்து, ஒவ்வொரு கால் துண்டையும் கத்தியைப் படுக்க வைத்து இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளந்ததும் ஒரு புளிப்பு மணம் எழும்பும். கள்ளு விட்டுப் புளிக்கவைத்த அப்பமாவை மூடி திறக்கிறபோது வருகிற மணம் தெரிந்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. உள்ளே சாம்பலும் மண்ணிறமும் கலந்த நிறம், கண்ணறைகள் மிகச் சின்னது. மெல்ல வேண்டும். நன்றாக மெல்ல வேண்டும். வயது போனவர்கள் பல்லைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுக்கு வந்த ஒரு பெரியவர் ஒரு துண்டை வாயில் போட்டுவிட்டு, "தம்பி, இது பாணோ, பலகையோ?" என்றார். அதே ஆள் போகும்போது ஒரு பக்கற் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

ஏன் இப்படி இருக்கிறது என்பதற்குத் தொழில் காரணம் உண்டு. கோதுமை மா குழைத்தால் இழுபடும், ரப்பர் மாதிரி வலைபின்னி உள்ளே காற்றைப் பிடித்துவைக்கும். ரை மாவுக்கு அந்தக் குணம் இல்லை. குழைத்தால் கையில் சேறுபோல ஒட்டும். அதோடு, ரை மாவில் மாச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிற நொதி அதிகம். அதை அடக்காவிட்டால் பாணின் உள்பகுதி வேகாமல் பசைபோல நின்றுவிடும். அடக்குவது புளிப்புத்தான். அதனாலேதான் ரைப் பாணுக்கு ஈஸ்ட் மட்டும் போட்டால் போதாது, பழைய புளிமா வேண்டும். பின்லாந்துக்காரர் அந்தப் புளிமாவை 'யூரி' என்பார்கள், வேர் என்று அர்த்தம். முன்பெல்லாம் மா குழைக்கும் மரத்தொட்டியைக் கழுவவே மாட்டார்களாம். ஒட்டியிருக்கிற மாவே அடுத்த தடவைக்கு வேர். இதைக் கேட்டால் என் அப்பா அந்த மனுசரைத் தொட்டியோடு வெளியே தள்ளியிருப்பார்.

ஓட்டை அலங்காரத்துக்கு வந்ததல்ல. மேற்கு பின்லாந்தில் பழைய காலத்தில் வருடத்தில் ஓரிரு தடவைதான் பாண் சுடுவார்கள். அத்தனையையும் நீளமான கம்புகளில் கோத்துக் கூரைக்குக் கீழே தொங்கவிடுவார்கள். காய்ந்து கல்லாகிவிடும், ஆனால் கெடாது. கிழக்கில் கதை வேறு. அங்கே வீட்டை வெப்பமாக்கப் பெரிய அடுப்பை அடிக்கடி எரித்ததால் கிழமைக்கொரு தடவை பாண் சுட்டார்கள். அதனால் அங்கே உருண்டையான, தடித்த, மெதுவான பாண். அதை லிம்ப்பு என்கிறார்கள். இரண்டும் இப்போது ஒரே ராக்கையில் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கிறது. எனக்கு மேற்குக்காரர் கட்சிதான். லிம்ப்புவை அளவாக வெட்டவே ஒரு நல்ல கத்தி வேண்டும்.

கடையில் ராக்கையைத் தேடுவதே முதல் சோதனை. லெய்ப்பா என்று பாடமாக்கிக்கொண்டு போனால் மேலே தொங்கும் பலகையில் 'லெய்வாத்' என்று போட்டிருக்கும். பன்மையில் 'ப்ப' தேய்ந்து 'வ' ஆகிவிடும். 'பாணின்' என்று சொல்லவும் லெய்வான்தான். பள்ளிக்கூடம் போகிற என் மகள் இதைப் பிழைவிடாமல் சொல்வாள், நான் இன்னும் கடையில் கையைக் காட்டித்தான் கேட்கிறேன். ஆனால் இந்தச் சொல் எங்கே இருந்து வந்தது என்று பார்க்கத் தொடங்கியபிறகு அது மேல் எனக்கு ஒரு பாசம் வந்துவிட்டது. நகர நூலகத்துச் சொற்பிறப்பு அகராதியில் இதற்கு ஒரு நல்ல பத்தி இருக்கிறது.

பின்லாந்து மொழிக்கும் எஸ்தோனிய மொழிக்கும் அவற்றின் சின்னச் சின்ன உறவு மொழிகளுக்கும் பொதுவாக ஒரு தாய்மொழி இருந்தது. எழுத்தில் எதுவும் இல்லை. இன்றைய மொழிகளை ஒப்பிட்டு அதன் சொற்களை மீட்டெடுக்கிறார்கள். அப்படி மீட்ட வடிவம் என்பதற்கு அடையாளமாக முன்னால் ஒரு உடுக்குறி போடுவார்கள். பாணுக்கு அவர்கள் மீட்டிருப்பது *லைப்பா. அதுவும் சொந்தச் சொல் இல்லை. பக்கத்தில் இருந்த ஜெர்மானியக் குடிகளிடம் *ஹ்லைபாஸ் என்று இருந்ததைக் கடன் வாங்கினது. பழைய ஜெர்மானிய மொழியான கோதிக்கில் அது ஹ்லைஃப்ஸ். ஆங்கிலத்தில் லோஃப் என்கிறோமே, அது இதே சொல்தான். பழைய ஆங்கிலத்தில் 'பாண் காவலன்' என்று பொருள்படும் சொல் தேய்ந்து தேய்ந்து 'லார்ட்' ஆனது, 'பாண் பிசைகிறவள்' என்பது 'லேடி' ஆனது. எங்கள் அப்பாவும் அம்மாவும் அந்தக் கணக்கில் பிரபுக் குடும்பம்.

முன்னாலிருந்த 'ஹ்' எங்கே போனது? அந்தத் தாய்மொழியில் சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய் சேர்ந்து வராது. கடற்கரைக்கான ஜெர்மானியச் சொல் 'ஸ்ட்ர' என்று தொடங்கும், பின்லாந்து மொழியில் அது ரந்தா. பள்ளிக்கூடமான ஸ்கூலா இங்கே கொவ்லு. நாங்கள் 'இஸ்கூல்' என்று முன்னால் ஒரு எழுத்தைச் சேர்த்துச் சமாளித்தோம், இவர்கள் இருந்ததைக் கழற்றிவிட்டார்கள். பாணுக்கான அதே ஜெர்மானியச் சொல்லை ஸ்லாவியரும் வாங்கினார்கள். அவர்களுக்குக் கூட்டுமெய் பிரச்சினை இல்லை, அதனால் ரஷ்ய மொழியில் ஹ்லெப். லாத்விய மொழியில் முழுப் பாணுக்குக் க்லைப்ஸ். ஆக ஒரே பாண் நாலு பக்கமும் போயிருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கொடுத்த ஜெர்மானியர்களே பிறகு 'ப்ரெட்', 'ப்ரோட்' என்று வேறு சொல்லுக்கு மாறி, பழைய சொல்லை ஒரு முழுப் பாண் என்ற அளவுக்குக் குறுக்கிவிட்டார்கள். வாங்கினவர்களில் பலர்தான் இன்றுவரை அதைப் பாண் என்ற முழுப் பொருளில் வைத்திருக்கிறார்கள்.

*லைப்பாவின் பிள்ளைகளைப் பார்த்தால், பின்லாந்து மொழியில் 'ஐ' மாறி லெய்ப்பா. எஸ்தோனியத்தில் கடைசி உயிரும் போய் லெய்ப். அதன் தெற்கே பேசப்படும் வோரோவிலும், ரஷ்யாவில் ஒனேகா ஏரிப் பக்கம் பேசப்படும் வெப்ஸிலும் அப்படித்தான். கரேலியத்தில் லெய்ப்பா. வடக்கே சாமி எனப்படும் பழங்குடி மக்களிடம் லாய்பி, பழைய 'ஐ' ஓசையின் சாயல் அங்கே தெரிகிறது. லாத்வியாவின் கூர்லாந்துக் கரையில் பேசப்பட்ட லிவோனிய மொழியில் லேபா. அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனுசி கிரிசெல்டா கிரிஸ்டினா, 2013 இல் கனடாவில் 103 வயதில் இறந்தார். அந்தக் கிழவி சிறுபிள்ளையாக வீட்டில் கேட்டு வாங்கித் தின்றது லேபாவாகத்தான் இருக்கும். கடையில் பக்கற்றைப் புரட்டும்போது இது எனக்கு ஏனோ நினைவில் வந்து நிற்கும்.

அப்புறம், பக்கற்றின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் ருயிஸ்லெய்ப்பா. ருயிஸ் என்பது ரை. அதுவும் ஜெர்மானியக் கடன்தான், *ருகிஸ். அந்தச் சொல்லின் கடைசி 'ஸ்' கூட உதிராமல் அப்படியே இருக்கிறது. அதாவது ருயிஸ்லெய்ப்பாவைப் பாதி பாதியாகப் பிரித்தால் ஆங்கிலத்து ரை, லோஃப் என்ற அதே இரண்டு சொற்கள். பிசைந்த மாவுக்குத் தய்க்கினா, அதுவும் ஜெர்மானியம். அடுப்புக்கு ஊனி, அதுவும் கடன். 2017 இல், சுதந்திரம் பெற்று நூறு வருடம் ஆன ஆண்டில், பின்லாந்துக்காரர் வாக்குப் போட்டுத் தங்கள் தேசிய உணவாகத் தேர்ந்தெடுத்தது இந்த ருயிஸ்லெய்ப்பாவைத்தான். வெளிநாட்டில் குடியேறின பின்லாந்துக்காரர் ஊரிலிருந்து கேட்டு வரவழைப்பதும் இதைத்தான்.

தேசிய உணவின் பெயரே கடன் என்பதைப் பார்த்து நான் சிரிக்கவில்லை, சிரிக்க எனக்கு உரிமையும் இல்லை. 1619 இல் யாழ்ப்பாண அரசைப் பிடித்து 1658 வரை ஆண்டுவிட்டுப் போன போர்த்துக்கீசரின் சொல்தான் எங்கள் பாண். அதைச் சுடும் போறணையும் அவர்களுடைய சொல். ஒரு றாத்தல் பாண் என்று கேட்கிறோமே, அந்த றாத்தலும் கப்பலில் வந்ததுதான். மேசையில் வைத்து, கதிரையில் இருந்து, யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சாப்பிட்டால் ஒரு வசனம் முழுக்கப் போர்த்துக்கீசம். புதுவிதமான பாண் வரும்போது பெயரும் கூடவே வந்துவிடும், அவ்வளவுதான். *லைப்பாவும் அப்படித்தான் புளிக்கவைத்த பாணோடு வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அதற்கு முந்தியும் வடக்கில் வாற்கோதுமையில் புளிக்காத மெல்லிய றொட்டி இருந்தது, ரியெஸ்கா என்று அது இன்றும் கடையில் கிடைக்கும். சுடச்சுட நல்லாய் இருக்கும், அடுத்த நாள் தோல்.

தூரத்து உறவு மொழிகளில் இந்தச் சொல்லைத் தேடினால் கிடைக்காது. ஹங்கேரியத்தில் பாண் கென்யேர், சம்பந்தமே இல்லை. கோமி, உத்மூர்த் மொழிகளில் ஞான். அது ஈரானியப் பக்கமிருந்து வந்த கடன், எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்கடைப் பலகையில் 'நான்' என்று இருக்கிறதே, அதே குடும்பம். ரஷ்யக் கடைகளில் உறைய வைத்து விற்கும் பெல்மேனிக் கொழுக்கட்டையின் பெயரிலும் இந்த ஞான் ஒளிந்திருக்கிறது. பெல்ஞான் என்றால் காதுப் பாண். அதன் வடிவத்தைப் பார்த்தால் யாரும் மறுக்கமாட்டார்கள்.

சரி, சாமானுக்கு வருவோம். ஹெல்சிங்கியிலிருந்து இரண்டு மணித்தியாலக் கப்பலில் தாலின் போகலாம். போகிறவர்கள் அங்கேயிருந்து கட்டாயம் ஒரு லெய்ப் வாங்கி வாருங்கள். எஸ்தோனியாவில் லெய்ப் என்றால் கறுத்த ரைப் பாண் மட்டும். வெள்ளைப் பாண் 'சாய்', அதை லெய்ப் என்று சொன்னால் திருத்துவார்கள். பின்லாந்தில் எல்லாமே லெய்ப்பாதான். எஸ்தோனியப் பாண் செங்கல் வடிவம், மெதுவானது, மால்ட் சேர்த்ததால் கொஞ்சம் இனிப்பு, சிலதில் சீரகம்போல மணக்கும் ஒரு விதையும் வரும். புதிதாகச் சாப்பிடுகிறவருக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான், பிறகுதான் ஓட்டைப் பாண். அங்கே சாப்பிடுகிறவரைக் கண்டால் 'யாட்கு லெய்பா' என்பார்கள், பாண் தொடர்ந்து இருக்கட்டும் என்று. பாண் கீழே விழுந்தால் எடுத்து முத்தமிடுகிற பழக்கமும் உண்டு. புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற எங்களுக்கு இதை யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தீவுப் பாண் என்று ஒன்று விற்பார்கள், கறுப்பாய், பாகு வழிய. ஹெல்சிங்கித் துறைமுகச் சதுக்கத்தில் 1743 முதல் நடக்கிற ஒக்டோபர் மீன் சந்தையில் அதை வாங்க வரிசை நிற்கும். எனக்கு அது கேக். உப்பு மீனோடு வைத்தால் ஒரு துண்டு போகும், அதற்குமேல் இல்லை. பள்ளிக்கூடத்து மதியச் சாப்பாட்டில் கொடுக்கும் மொறுமொறுத் தகடுகளையும் இதே குடும்பத்தில் சேர்க்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்திருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அது பெட்டி மட்டை.

ஓட்டைப் பாண் வாங்கும்போது பின்பக்கத்தைப் படியுங்கள். முன்பக்கம் ருயிஸ் என்று இருந்தாலும் சிலதில் கோதுமை மா பாதிக்குக் கிட்ட இருக்கும். நூறு வீதம் ரை என்று எழுதினதை எடுங்கள். நார்ச்சத்து 100 கிராமுக்கு 10 கிராமுக்கு மேல் இருக்கும், சீனி வருத்தக்காரர் இருக்கிற வீடுகளில் இது பெரிய விசயம். ஆனால் வயிறு பழகாத ஆட்கள் முதல் நாளே முழு வட்டத்தையும் முடிக்க வேண்டாம். ஏன் என்று அன்றிரவு விளங்கும். உப்பும் குறைவில்லை, பிரஷர் உள்ளவர்கள் அதையும் பாருங்கள். பிளந்து விற்கிற சின்னத் துண்டுகள் வசதிதான், ஆனால் ஓரம் சீக்கிரம் காய்ந்துவிடும். முழு வட்டம்தான் கூடுதல் நாள் ஈரமாக இருக்கும். புளிப்பினால் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்காது. ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், விறைத்துப்போகும். நாலாகப் பிய்த்து ஃப்ரீசரில் போட்டுவிட்டு, வேண்டியபோது டோஸ்ட்டரில் இறக்கினால் புதிதுபோல வரும்.

என்னத்தோடு சாப்பிடுவது? இந்நாட்டுக்காரர் தடிப்பாகப் பட்டர் பூசி, மேலே வெள்ளரிக்காயோ சீஸோ வைப்பார்கள். அது நல்லதுதான், பட்டரில் கை இறுக்கக்கூடாது. எங்கள் பக்கத்துக் கறிகளில் கட்டைச் சம்பல் பிரமாதம், உறைப்பும் புளிப்பும் சண்டைபிடிக்காமல் நிற்கும். பொரித்த மீன், முட்டைப் பொரியல், கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, எல்லாம் பொருந்தும். பருப்புக் கறி பரவாயில்லை. சொதியில் தோய்த்தால் இரண்டும் கெட்டுப்போகும், பாண் ஊறாது, சொதி புளித்ததுபோல இருக்கும்.

காய்ந்து மிஞ்சினதை எறியாதீர்கள். என் மனைவி அதைக் கொத்து றொட்டியாக்குவார். சின்னச் சின்னதாக வெட்டி, ஒரு கரண்டி சூடான இறைச்சிக் குழம்பு தெளித்துக் கொஞ்ச நேரம் மூடி வைக்க வேண்டும். லீக்ஸ், வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கி, இரண்டு முட்டை உடைத்து ஊற்றி, அதற்குப் பிறகு பாணைப் போட்டுப் பெரிய நெருப்பில் பிரட்டுங்கள். கோதுமை றொட்டி மாதிரிக் குழையாது, ஒவ்வொரு துண்டும் தனித்தனியாக நிற்கும். இறக்கும்போது தேசிக்காய் பிழிய வேண்டாம், புளிப்பு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது.